ஸ்காட்லாந்தின் பழைய கோல்ஃப் ஹோல்கள் கடல் தாண்டிப் போனபோது என்ன ஆயிற்று?

கேள்வி இதுதான்: ஸ்காட்லாந்தில் நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே இருந்த சில கோல்ஃப் ஹோல்களை அமெரிக்காவில் திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். (ஹோல் என்றால் குழி மட்டுமல்ல, பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொடி நட்ட குழி வரையுள்ள முழுப் பாதை.) மண் வேறு, புல் வேறு, காற்று வேறு. அப்படியிருக்க ஒரு ஹோலை எப்படி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக முடியும்? எது எடுபட்டது, எது பிசகியது?

சுருக்கமான பதில்: கோணத்தையும் சரிவையும் வரைபடத்தில் எடுத்துப்போக முடிந்தது. அவற்றை வேலை செய்ய வைத்த வறண்ட மணல் தரையை எடுத்துப்போக முடியவில்லை. பிசகிய நகல்களைப் பார்த்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். தேங்கிய தண்ணீர், அல்லது தெளித்த தண்ணீர்.

விரிவான பதிலுக்கு லிங்க்ஸ் தரை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டு நிலம் அது. பயிருக்கு உதவாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், காற்று மணலை அள்ளிக் குவிக்கும். மழை பெய்தால் சல்லடையில் ஊற்றியது போல இறங்கிவிடும். அதில் ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல் வளரும். உரமும் தண்ணீரும் குறைவாக இருந்தால்தான் அது மற்றப் புல்லை முந்தும். இந்தத் தரையில் விழுந்த பந்து துள்ளி ஓடும். ஆகவே பந்து எங்கே விழும் என்பதோடு, விழுந்த பிறகு எங்கே போய் நிற்கும் என்பதையும் ஆட்டக்காரர் கணக்குப் போட வேண்டும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஃபுல் டாஸாக வரும் பந்தில் பிட்சின் வேலை எதுவும் இல்லை, தரையில் பட்டால்தான் திரும்பும். ஸ்காட்லாந்தின் நல்ல ஹோல்கள் எல்லாமே பந்து தரையில் பட்ட பிறகு நடப்பதை நம்பி உருவானவை.

'உருவானவை' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்டு கோர்ஸ் மைதானத்தை ஒரு ஆள் உட்கார்ந்து வரைந்ததில்லை. பல தலைமுறைகளாக ஆடி ஆடி, நடந்து நடந்து, வெட்டிச் சீர்செய்து வந்தது. 1764இல் அங்கே 22 ஹோல் இருந்ததை 18ஆகக் குறைத்தார்கள். இன்று உலகம் முழுக்க 18 என்ற எண்ணிக்கை அங்கிருந்து வந்ததுதான். போகும்போது ஆடும் ஹோலும் திரும்பும்போது ஆடும் ஹோலும் ஒரே கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தளம்) பங்கிட்டுக்கொள்ளும் இரட்டைக் கிரீன்கள் அங்கே ஏழு இருக்கின்றன.

இதையெல்லாம் முதன்முதலில் முறையாக ஏற்றுமதி செய்தவர் சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு. கனடாவில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். 1872இல் படிப்புக்காக செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பினார்கள். தாத்தா அங்கே இருந்தார், அந்தக் காலத்துக் கோல்ஃப் ஜாம்பவான் ஓல்டு டாம் மாரிஸும் இருந்தார். படிப்போடு கோல்ஃபும் ஒட்டிக்கொண்டது. 1895இல் அமெரிக்காவின் முதல் அதிகாரப்பூர்வ அமெச்சூர் சாம்பியன் இவர்தான். அந்தக் காலத்து அமெரிக்க மைதானங்கள் இவருக்குப் பிடிக்கவில்லை. குறுக்கே ஒரு மண்கரை, பின்னால் ஒரு பள்ளம், வட்டமாக ஒரு கிரீன், அவ்வளவுதான். 1901இல் பிரிட்டிஷ் கோல்ஃப் இதழ் ஒன்று 'சிறந்த ஹோல் எது' என்று தேர்ந்த ஆட்டக்காரர்களைக் கேட்டுப் பதில்களை வெளியிட்டது. ஈடன், ரெடான், ஆல்ப்ஸ் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. அதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டன் முழுக்கச் சுற்றி அளவெடுத்து, வரைபடம் போட்டு வந்தார் மெக்டொனால்டு. 70 பேர் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டார்கள். நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் ஆஃப் அமெரிக்கா உருவானது. 1909இல் ஆட்டம் தொடங்கியது, 1911இல் முறைப்படி திறந்தார்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தை அதற்கேற்ப வெட்டிவிடவில்லை. முதலில் மட்டக்குதிரையில் ஏறி அந்தப் புதர்க்காட்டை நாள் கணக்கில் சுற்றினார். ஆல்ப்ஸுக்குத் தோதான மேடு எது, ரெடானுக்குத் தோதான முகடு எது என்று நிலத்தில் தேடி, கிடைத்த இடத்தில் அந்த ஹோலை உட்கார வைத்தார். அளவெடுக்க அவர் கூலிக்கு அமர்த்திய உள்ளூர்ப் பொறியாளர் சேத் ரேனர். கோல்ஃப் ஆடத் தெரியாதவர், ஆனால் நிலத்தின் உயரக்கோடுகளைப் படிக்கத் தெரிந்தவர். பின்னால் மெக்டொனால்டைவிட அதிக மைதானங்களைக் கட்டியது ரேனர்தான். நகலெடுக்கும் கலை சூத்திரமானதும் அவர் கையில்தான். ரேனர் மைதானம் என்றால் நான்கு பார்-3 ஹோல்களில் (மூன்று அடியில் முடிக்க வேண்டியவை) பெரும்பாலும் ஷார்ட், ஈடன், ரெடான், பியாரிட்ஸ் நான்கும் இருக்கும். ஷார்ட் 130, 140 யார்டு, பியாரிட்ஸ் 200க்கு மேல், மற்ற இரண்டும் நடுவில். ஒவ்வொன்றுக்கும் வேறு மட்டை எடுக்க வேண்டும் என்பது கணக்கு. இவற்றில் பியாரிட்ஸ் பிரான்ஸிலிருந்து வந்தது, ஷார்ட்டின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. எல்லாமே ஸ்காட்லாந்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் குடும்பத்தில் ரெடானை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ரெடான் புரிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

மூல ஹோல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் வெஸ்ட் லிங்க்ஸின் 15ஆவது. பார்-3, சுமார் 190 யார்டு. பெயர் கிரிமியப் போரிலிருந்து வந்தது. செவஸ்தபோலில் ரஷ்யர்கள் எழுப்பியிருந்த ரெடான் என்ற கொத்தளத்தை 1855இல் பிரிட்டிஷ் படை தாக்கித் தோற்றது. அமைப்பு இப்படி: நீளவாக்கில் ஒரு மேட்டுத்தளம். அது ஆட்டக்காரரின் பார்வைக் கோட்டுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வாகக் கிடக்கிறது. முன்வலது முனை அருகில், பின்இடது முனை தொலைவில். தளமும் சரிந்திருக்கிறது. முன்வலது உயரம், பின்இடது தாழ்வு. அதாவது கிரீன் ஆட்டக்காரரை விட்டு விலகி இறங்குகிறது. இடப்பக்க முன்சரிவில் ஆழமான பங்கர், அதாவது மணல்குழி. நார்த் பெரிக்கில் குறுக்கே ஒரு மேடும் நிற்பதால் பந்தை முதலில் அடிக்கும் இடமான டீயிலிருந்து கிரீனின் பரப்பு சரியாகத் தெரியாது.

கொடி பின்இடது பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் கொடிக்கு அடித்தால் பங்கரின் மேலேயே பறக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் பங்கர். தாண்டினாலும் பந்து இறங்குசரிவில் விழுவதால் நிற்காமல் பின்னால் ஓடிவிடும். சரியான வழி, கொடியைப் பார்க்காமல் வலதுபக்கம், கிரீனுக்குச் சற்று முன்னால் இருக்கும் தோள் போன்ற சரிவில் பந்தைப் போடுவது. கேரம் போர்டில் பக்கச் சட்டத்தில் தட்டிக் காயை எடுப்பது மாதிரி. தோளில் பட்ட பந்து இடதுபக்கம் திரும்பி, சரிவில் உருண்டு கொடியிடம் போய்ச் சேரும். வலக்கை ஆட்டக்காரர் வலமிருந்து இடமாக வளையும் டிரா அடித்தால் இன்னும் நல்லது.

இதைப் புதிதாகக் கட்டுவதென்றால் கவனிக்க வேண்டியவை வருமாறு. முதலில் முகடு வேண்டும். தட்டையான நிலத்தில் மண்ணைக் குவித்து எழுப்பினால் முன்னாலிருந்து பார்க்க ரெடான், பின்னாலிருந்து பார்க்க உப்பளக் குவியல். இயற்கையான மேட்டில் பின்பக்கத்தை வெட்டி முன்பக்கத்தை நிரப்புவதே நல்லது. அடுத்தது தோள். இது கிரீனின் ஓரத்தோடு முடியக் கூடாது. கிரீனுக்கு முன்னால் 15, 20 யார்டு வரை நீண்டு, ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதை) உயரத்துக்கே புல் வெட்டியிருக்க வேண்டும். கிரீனை மட்டும் சாய்த்துவிட்டுத் தோளை மறந்த நகல்கள் ஏராளம். அவற்றில் பந்தைத் திருப்ப ஒன்றுமே இல்லை, சாய்ந்த கிரீன் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

சரிவின் அளவு மூன்றாவது. கிரீனின் நீள அச்சு 30 மீட்டர் என்றால், 3 விழுக்காடு சரிவுக்கு 90 சென்டிமீட்டர் இறக்கம். கொடி வைக்கும் இடங்களில் 2 முதல் 3 விழுக்காடு போதும், இடைப்பட்ட இடங்களில் கொஞ்சம் கூடலாம். இடது பங்கரின் முகப்பு ஆள் உயரத்துக்குக் குறையக் கூடாது. ஆழம் குறைந்தால் பங்கருக்குள் விழுந்தாலும் எளிதாகத் தப்பிக்கலாம் என்று எல்லாரும் நேராகவே அடிப்பார்கள், தோளுக்கு வேலை இருக்காது.

கடைசியாக, எல்லாவற்றையும் கெடுப்பது: தண்ணீர்த் தெளிப்பான். கிரீனைச் சுற்றி நிறுத்தும் தெளிப்பான்கள் பொதுவாக 18, 20 மீட்டர் ஆரத்துக்கு முழுவட்டமாக அடிக்கும். கிரீனுக்குத் தண்ணீர் விட்டால் தோளும் நனையும். ஃபேர்வேக்கு விட்டால் அதுவும் தோளில் விழும். ஆக மைதானத்திலேயே காய்ந்து இறுகிக் கிடக்க வேண்டிய இடம் இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கிறது. பந்து அங்கே விழுந்து 'சொத்' என்று உட்கார்ந்துவிடும். தோளுக்குத் தனி வால்வு, அரைவட்டம் அடிக்கும் தலை, அடியில் வடிகுழாய், மேலே அடிக்கடி மணல் தூவல், இந்த நாலும் இல்லாமல் ரெடான் கட்டுவது காசுக்குக் கேடு.

புல்லும் சதி செய்யும். லாஸ் ஏஞ்சலஸின் ரிவியேராவில் வடிவமைப்பாளர் ஜார்ஜ் தாமஸ் கட்டிய 4ஆவது ஹோல் அருமையான ரெடான், 230 யார்டுக்கு மேல். பெரும் ஆட்டக்காரர் பென் ஹோகனே வியந்து பாராட்டிய ஹோல். ஆனால் முன்னாலிருக்கும் ஃபேர்வேயில் கிக்குயு என்ற தடித்த புல் பரவிவிட்டது. அது பந்தைத் துள்ளவிடாமல் கவ்விப் பிடிக்கும். வடிவம் அப்படியே இருக்கிறது, தரைவழி ஆட்டம் பாதிக்கு மேல் போய்விட்டது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். நியூயார்க்கின் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தின் 7ஆவதும் ரெடான்தான். 2004 யு.எஸ். ஓபனின் கடைசி நாளில் காற்றும் வெயிலும் சேர்ந்து கிரீனை உலரவைத்துவிட்டன. சரியாக அடித்த பந்துகூடக் கிரீனில் நிற்கவில்லை. முதல் குழுக்களிலேயே டிரிபிள் போகிகள் (பாரைவிட மூன்று அடி கூடுதல்) விழுந்தன. கடைசியில் ஒரு குழு போய் அடுத்தது வருவதற்குள் கிரீனில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போட்டியை நடத்த வேண்டியதாயிற்று. ஆக ரெடானுக்குத் தோள் காய்ந்திருக்க வேண்டும், கிரீன் அதைவிடச் சற்று ஈரமாக இருக்க வேண்டும். ஒரே மண்மேட்டில் இரண்டு ஈரப்பதம். சொல்ல எளிது.

இடவலமாகத் திருப்பிக் கட்டுவதை ரிவர்ஸ் ரெடான் என்பார்கள். பார்வைக்குக் கண்ணாடிப் பிம்பம், ஆட்டத்தில் அப்படியில்லை. வலக்கை ஆட்டக்காரர் அதற்கு இடமிருந்து வலமாக வளையும் ஃபேடு அடிக்க வேண்டும். ஃபேடு பொதுவாக உயரமாகப் பறந்து, அதிகப் பின்சுழற்சியோடு இறங்கி, குறைவாக உருளும். அதனால் அதே சரிவைத் திருப்பி வைத்தால் பந்து பாதியில் நின்றுவிடும். இதற்குத் தோள் இன்னும் செங்குத்தாக இருக்க வேண்டும்.

ஈடன் ஹோலில் வேறு சிக்கல். மூலம் ஓல்டு கோர்ஸின் 11ஆவது, பார்-3, சுமார் 175 யார்டு. கிரீன் பின்னாலிருந்து முன்னால் செங்குத்தாகச் சரிகிறது. முன்வலது பக்கம் ஸ்ட்ராத் பங்கர், இடதுபக்கம் ஹில் பங்கர், பின்னால் ஈடன் ஆற்றின் கழிமுகம். தாண்டி அடித்தால் கிரீனில் பந்தைத் திரும்ப உருட்டும் பட் அடி இறக்கத்தில் முன்னால் வழிந்தோடும். 1921 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில், பின்னால் பெரும் சாம்பியனான இளைஞர் பாபி ஜோன்ஸ் இங்கே பங்கரில் தடுமாறி, ஆட்டத்தையே கைவிட்டார்.

அந்தச் சரிவு மெதுவான கிரீன் காலத்தது. 1970களில் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் தன் நாட்டு கிரீன்களின் வேகத்தை ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்வுக்கம்பியால் அளந்தபோது அதிலிருந்து விட்ட பந்து சராசரி ஆறரை அடி அளவில்தான் உருண்டது. இன்று பெரிய போட்டிகளில் 10, 11, அதற்கு மேலும் வைக்கிறார்கள். ஆறரையில் நிற்கும் பந்து பதினொன்றில் நிற்காது. 2015 ஓபனின் சனிக்கிழமை ஓல்டு கோர்ஸில் காற்றடித்து 11ஆவது உள்பட சில கிரீன்களில் நின்ற பந்துகளே நகர ஆரம்பித்தன. ஆட்டத்தை பத்து மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அந்தக் கிரீனின் பின்இடது பகுதியைக் கொடி வைக்க வசதியாகச் சீர்செய்திருந்தார்கள். மூலத்துக்கே இந்தக் கதி. பழைய அளவில் ஈடன் கட்டிய அமெரிக்க கிளப்புகளில் புல்லை ஒட்ட வெட்டி வேகத்தைக் கூட்டிவிட்டு, பிறகு கொடி வைக்க இடமில்லை என்று கிரீனைத் தட்டையாக்குவார்கள். தட்டையாக்கினால் முன்பங்கருக்குப் பயமில்லை, பின்னால் போனால் தண்டனையில்லை. வேகத்தை ஒரு அடி குறைத்திருந்தால் செலவே இல்லாமல் முடிந்திருக்கும்.

ரோடு ஹோல், அதாவது ஓல்டு கோர்ஸின் 17ஆவது. இன்று 495 யார்டு பார்-4. டீயிலிருந்து ஓட்டல் வளாகத்தின் கொட்டகை மூலையை அறுத்துக்கொண்டு அடிக்க வேண்டும். வலதுபக்கம் எல்லைக்கு வெளியே. அந்த ஆபத்துக்கு எவ்வளவு நெருக்கமாகப் போகிறோமோ அவ்வளவு நல்ல கோணம் கிடைக்கும். பயந்து இடதுபக்கம் போனால், குறுகலாகக் குறுக்கே கிடக்கும் கிரீனுக்கும் உங்களுக்கும் நடுவே ரோடு பங்கர். கிரீனைத் தாண்டினால் தார்ச்சாலை, அதற்கப்பால் கல்சுவர். ஆபத்தை ஒட்டிப் போனவனுக்கு அடுத்த அடி எளிது என்ற இந்த ஒரு கொள்கைதான் இருபதாம் நூற்றாண்டு கோல்ஃப் வடிவமைப்பின் பெரும்பகுதிக்கு முதலீடு. நேஷனலில் 7ஆவது ஹோல் இதன் நகல். சாலைக்குப் பதிலாக மணல்.

நகல்கள் அதிகம் சறுக்குவது அந்த பங்கரில். ரோடு பங்கர் தானே சிறியது. ஆனால் சுற்றியுள்ள தரை நாலாபக்கமும் அதை நோக்கிச் சரிகிறது. புனலின் வாய் பெரிது, துளை சிறிது என்பது போல. 1978 ஓபனில் ஜப்பானிய ஆட்டக்காரர் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து பட் செய்த பந்து ஓரத்துக்குப் போய், சரிவில் இறங்கி, பங்கருக்குள் விழுந்தது. வெளியே வர நாலு அடி. மொத்தம் 9. மணலில் போய் விழ அவர் மணலை நோக்கி அடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

களிமண் நாட்டில் இதைக் கட்ட முடியாததற்குக் காரணம் மழை. தரை பங்கரை நோக்கிச் சரிந்தால் பந்து மட்டுமா உருண்டு வரும்? மழைநீரும் வரும். மணலை அரித்து, களிமண்ணைக் கலந்து, பங்கரைச் சேற்றுக்குட்டையாக்கிவிடும். மணல்தரை என்றால் அந்தத் தண்ணீரைத் தரையே குடித்துவிடும். அதனால் மற்ற இடங்களில் கட்டுபவர்கள் பங்கரைச் சுற்றி ஓரத்தை உயர்த்தி, தண்ணீரை வெளியே திருப்பிவிடுகிறார்கள். பொறியாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உயர்ந்த ஓரம் பந்தையும் வெளியே திருப்பிவிடும். புனல் போய்க் குடையாகிவிடுகிறது. பங்கர் தன் அளவுக்கு மட்டுமே வேலை செய்வதால், ஈடுகட்ட அதைப் பெரிதாக்குகிறார்கள். பெரிதானதும் உள்ளே நின்று மட்டையை வீச இடம் கிடைக்கிறது, பயம் போய்விடுகிறது. செலவு செய்யத் தயாரென்றால் வழி உண்டு: சுற்றுத்தரைக்கு 15, 20 சென்டிமீட்டர் மணல் போர்வை, அதன் அடியில் நெருக்கமான வடிகுழாய், பங்கரின் அடியில் சரளைப் படுகை. ஒரு பங்கருக்கு இதைச் செய்யலாம். பதினெட்டு ஹோலுக்கும் செய்ய முன்வருபவர்கள் குறைவு.

புல்பாளங்களைச் செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டும் பங்கர்ச் சுவரையும் பலர் ஆசைப்பட்டு நகலெடுக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் குளிரிலேயே அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துக் கட்ட வேண்டும். வெயிலடிக்கும் தென்முகப்பு முதலில் காயும். வெப்ப நாடுகளில் அது எவ்வளவு தாங்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆல்ப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூலம் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கின் 17ஆவது. 1860இல் முதல் ஓபன் நடந்த மைதானம் அது. இரண்டாவது அடியைப் பெரிய மணல்மேட்டுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத கிரீனுக்கு அடிக்க வேண்டும். மேட்டைத் தாண்டினால் கிரீனுக்கு முன்னால் சஹாரா என்ற பங்கர் காத்திருக்கும். கிரீனை விட்டுப் போகும்போது மணியடித்துப் பின்னால் வருபவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மெக்டொனால்டு இதை நேஷனலின் 3ஆவது ஹோலாகக் கட்டினார், அது இன்றும் நன்றாக இருக்கிறது. ஆனால் வம்சம் பெருகவில்லை. தெரியாத இடத்துக்கு அடிப்பது அநியாயம் என்ற எண்ணம் வளர்ந்தது. நெரிசலான மைதானத்தில் பந்து யார் தலையில் விழும் என்ற கவலை இன்னும் பெரியது. போதாக்குறைக்கு 1898இல் கண்டுபிடித்த ஹாஸ்கெல் ரப்பர் பந்து, பழைய கட்டாபெர்ச்சா பந்தைவிட வெகுதூரம் பறந்தது. மேட்டைத் தாண்டுவதே சாதனை என்ற கணக்கு செல்லாக்காசானது.

இதுவரை சொன்னது ஹோலை ஹோலாக எடுத்துப்போன கதை. சுபாவத்தை மட்டும் எடுத்துப்போனவர்களும் உண்டு. அவர்கள்தான் அதிகம் சாதித்தார்கள் என்பது என் கணிப்பு.

டொனால்டு ராஸ் வடக்கு ஸ்காட்லாந்தின் டார்னக்கில் 1872இல் பிறந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்டு டாம் மாரிஸிடம் தொழில் பழகி, ஊருக்குத் திரும்பி மைதானத்தைப் பராமரித்து, 1899இல் அமெரிக்கா போனார். நானூறு அளவில் மைதானங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. ஒன்றைக்கூட 'இது டார்னக்கின் இன்ன ஹோல்' என்று அவர் அடையாளமிட்டுக் கட்டவில்லை. டார்னக்கின் கிரீன்கள் கவிழ்த்த தட்டு போன்ற மேடுகளில் இருக்கும். குறி கொஞ்சம் தவறினால் பந்து ஓரத்தில் வழிந்து கீழே இறங்கிவிடும். 14ஆவது ஹோலான ஃபாக்ஸியில் ஒரு பங்கர்கூடக் கிடையாது, மேட்டுக் கிரீன் ஒன்றே பாதுகாப்பு. கீழே இறங்கிய பந்தை பட்டரால் உருட்டலாம், தாழ்வாகத் தட்டி ஏற்றலாம், உயரத் தூக்கிப் போடலாம். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் சந்தேகம் இருக்கும். இந்தச் சந்தேகத்தை ராஸ் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் மைதானத்துக்குக் கொண்டுபோனார். அங்கே தரையும் மணல், அது பெரிய அதிர்ஷ்டம்.

அதிலும் ஒரு வேடிக்கை. பைன்ஹர்ஸ்டின் கிரீன்கள் 1930களின் நடுப்பகுதி வரை புல்லே இல்லாத மணல் கிரீன்கள். பிறகுதான் புல் வந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் மேல்மண் தூவித் தூவி நடுப்பகுதி உயர்ந்ததால்தான் இன்றைய முதுகுவளைவு இவ்வளவு கூடியது என்று பலரும் மதிப்பிடுகிறார்கள். அப்படியானால் 'ராஸ் பாணி' என்று இன்று கவிழ்த்த கிண்ணமாகக் கிரீன் கட்டுபவர்கள் நகலெடுப்பது ராஸையும் பராமரிப்பாளரின் மண்வெட்டியையும் சேர்த்துத்தான்.

மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்ஸி ஓல்டு கோர்ஸை அங்குலம் அங்குலமாக அளந்து 1924இல் வரைபடம் முடித்தவர். அவரும் பாபி ஜோன்ஸும் சேர்ந்து கட்டி 1933இல் திறந்த அகஸ்டா நேஷனலில் 4ஆவதுக்கு ஈடன், 5ஆவதுக்கு ரோடு ஹோல், 6ஆவதுக்கு ரெடான் என்று மூலங்கள் இருந்தன. 7ஆவது ஓல்டு கோர்ஸின் 18ஆவதைப் பார்த்து அமைந்தது. ஓல்டு கோர்ஸில் 112 பங்கர் இருக்க, அகஸ்டாவில் தொடக்கத்தில் முப்பதுகூட இல்லை. பங்கரை நகலெடுக்காமல் தரையின் ஏற்ற இறக்கத்தை எடுத்தார்கள். இன்று 4ஆவது ஹோல் 240 யார்டுக்கு நீண்டிருக்கிறது. அதைப் பார்த்து ஈடன் என்று சொன்னால்தான் தெரியும். 7ஆவதை 1938இலேயே மாற்றிவிட்டார்கள்.

அமெரிக்க மைதான வடிவமைப்பாளர் பீட் டை 1963இல் மனைவி ஆலிஸோடு ஸ்காட்லாந்து போனார். அவர் கண்ணில் பட்டது பிரெஸ்ட்விக்கில் பங்கர் கரையைத் தாங்கி நின்ற ரயில் ஸ்லீப்பர் கட்டைகள். அங்கே மைதானத்தை ஒட்டியே ரயில்பாதை ஓடுகிறது. மணல் சரியாமல் நிற்கக் கைக்குக் கிடைத்ததைச் செருகியிருந்தார்கள். டை அதில் வேறொன்றைப் பார்த்தார். மண்சரிவு என்றால் பங்கருக்கும் கிரீனுக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் வேண்டும். கட்டைச் சுவர் என்றால் செங்குத்து, தண்ணீரோ மணலோ கிரீனின் விளிம்பிலேயே வந்து நிற்கலாம். 1969இல் ஹார்பர் டவுன், பிறகு ஃபுளோரிடாவின் சாகிராஸ் என்று அது அவருடைய கையெழுத்தாகவே ஆகிவிட்டது. நகலெடுத்தவர்கள் மறந்தது சுவரின் பின்பக்கம். அங்கே சரளையும் வடிகுழாயும் இல்லாவிட்டால் ஈரமண் கட்டையை முன்னால் தள்ளும், அடியில் கட்டை உளுக்கும். சதுப்பு நிலத்தில் ஸ்காட்லாந்துக் கட்டையை நட்டால் அதுதான் நடக்கும்.

கடந்த இருபது வருடங்களாகக் காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. ஆரிகன் கடற்கரையின் பேண்டன் டூன்ஸில் வடிவமைப்பாளர்கள் டாம் டோக்கும் ஜிம் அர்பினாவும் கட்டி 2010இல் திறந்த ஓல்டு மெக்டொனால்டு முழுக்க இந்தப் பழைய மாதிரிகளால் ஆனது. மெக்டொனால்டு 1917இல் கட்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அழிந்துபோன லிடோ மைதானத்தைப் பழைய புகைப்படங்களை வைத்து விஸ்கான்சினில் திரும்ப எழுப்பி 2023இல் திறந்தார்கள். அசல் லிடோ கடலோரச் சதுப்பை மணல் கொட்டி மேடாக்கி எழுந்தது. புதியது கடலே இல்லாத உள்நாட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் பொது, அடியில் இருக்கும் மணல். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

எந்த ஊரிலாவது அட்டையில் 'ரெடான்' என்று போட்ட ஹோல் முன்னால் வந்தால், வாய்ப்புக் கிடைக்கும்போது கிரீனின் முன்வலது தோளைப் போய்ப் பாருங்கள். பந்து விழுந்து பதிந்த குழிகள் ஆழமாக இருக்கின்றனவா, புல் அடர்ந்து செழிப்பாக இருக்கிறதா, செருப்புக்கால் அமுங்குகிறதா? அப்படியானால் பழைய கணக்கையெல்லாம் மறந்துவிட்டு, ஒரு மட்டை கூடுதலாக எடுத்து, பங்கரைத் தாண்டி நேராகக் கொடிக்கே அடியுங்கள். அங்கே பந்து நிற்கும்.